மூக்குக்கண்ணாடிக்கும் பச்சை விளக்கு

யாராவது என்னிடம் "உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா?" என்று கேட்டால், "தெரியாது" என்று பதில் சொல்கிறேன். பதினொரு வருடமாக ஒரு மென்பொருள் கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவள் சொல்லக்கூடிய பதில் இல்லைதான். ஆனால் உண்மைக்கு இதைவிடப் பக்கத்தில் வேறு பதில் கிடையாது. இதை நான் தெரிந்துகொண்டது நான்கு வருடத்துக்கு முன்னால், விருத்தாசலத்தில், ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கும் பகல் ஒரு மணிக்கும் இடையில். அதற்கு முன்னால் கேட்டிருந்தால், கேட்டவரை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். (பேசியும் இருக்கிறேன். பாதிக்கப்பட்டவர்கள் மன்னிக்க வேண்டும்.)

என் அண்ணன் ஆரோக்கியம் விருத்தாசலம் செராமிக் பேட்டையில் ஒரு சின்ன யூனிட் வைத்திருக்கிறான். ஃபியூஸ் கட்டை செய்கிறார்கள். வீட்டு மீட்டர் பெட்டியில் வெள்ளையாக இருக்குமே, கரண்டு போனால் பிடுங்கிக் கம்பி கட்டுவோமே, அந்தப் பீங்கான் கட்டை. இரண்டு சூளை, பதினான்கு ஆட்கள், கண் இமையிலிருந்து டீ கிளாஸ் வரைக்கும் படிந்திருக்கும் வெள்ளை மண். இதுதான் யூனிட்.

அந்த வருடம் கோயம்புத்தூரில் சுவிட்ச் போர்டு செய்யும் ஒரு கம்பெனி அண்ணனுடைய ஒரு லோடை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டது. கட்டைகளில் மயிரிழை விரிசல். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, கரண்டுக்குத் தெரியும். "ஒவ்வொரு கட்டையையும் கேமரா வைத்துப் பார்த்து அனுப்புவதாக இருந்தால் மேற்கொண்டு பேசலாம். எங்கள் ஆள் நேரில் வந்து பார்ப்பார்" என்று கடிதம் வந்தது. அந்த ஆர்டர் போனால் ஒரு சூளையை அணைத்துவிட வேண்டியதுதான். சூளையை அணைத்தால் அதை நம்பி இருக்கும் ஆறு பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அண்ணன் இதையெல்லாம் என்னிடம் சொல்லவில்லை. ஸ்டெல்லா அண்ணிதான் போனில் சொன்னாள். அவள்தான் யூனிட்டில் கட்டை பொறுக்கிப் பிரிக்கும் பெண்களுக்குத் தலைவி.

அண்ணன் போனில் கேட்டது இவ்வளவுதான்: "பாப்பா, கேமரா வெச்சி விரிசல் பாக்குற மெஷினு ஒண்ணு வெளியில கேட்டேன். அவன் சொல்ற வெலைக்கு நம்ம யூனிட்டயே எழுதிக் குடுத்துடலாம்போல இருக்குது. ஒனக்கு அதெல்லாம் தெரியுமா?"

(எனக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. விருத்தாசலத்தில் நான் இன்னும் பாப்பாதான்.)

அப்போது என் அலுவலக வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரு வங்கிக்காக மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் தப்பு கண்டுபிடிப்பது. பட்டன் சரியான இடத்தில் இருக்கிறதா, பெயர் எழுதும் கட்டத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டால் என்ன ஆகிறது, இப்படி. ஒரு கம்ப்யூட்டரின் மூடியை நான் அதுவரை திறந்துகூடப் பார்த்ததில்லை. ஆனாலும் வாய் சொல்லிவிட்டது: "அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்லண்ணா."

பத்து நாள் லீவு போட்டுவிட்டு ரயிலேறினேன்.

கேமரா எடுக்கும் படத்தில் விரிசலைத் தேட கம்ப்யூட்டருக்கு வேகமாகக் கணக்குப் போடும் தனிக் கார்டு ஒன்று தேவை. முதுகில் இரண்டு ஃபேன் வைத்த தடிமனான கார்டு. மங்கலம்பேட்டையில் செல்போன் கடை வைத்திருக்கும் ரபீக் பாய் அண்ணனுக்குச் சிநேகிதர். துபாயிலிருந்து யாரோ கொண்டுவந்த கார்டு ஒன்றை அவர்தான் பிடித்துக் கொடுத்தார். கேமராக்களை இணைக்க இன்னொரு சின்னக் கார்டு. கம்ப்யூட்டர் பெட்டிக்குள் கார்டு செருக மேலே ஒரு துளை, கீழே ஒரு துளை. சின்னக் கார்டு முதலில் கைக்கு வந்ததால் அதை மேலே செருகினேன். ஃபேன் கார்டைக் கீழே செருகினேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

கட்டைகள் கேமராவுக்குக் கீழே நகர்ந்து வர ஒரு பெல்ட் வேண்டும். அதை யூனிட்டின் ஃபிட்டர் கலியமூர்த்தி மேஸ்திரி செய்து கொடுத்தார். பழைய மோட்டார், சைக்கிள் செயின், ரப்பர் பட்டை. பெல்ட்டின் கோடியில் நல்ல கட்டைக்கு எரிய ஒரு பச்சை விளக்கு, விரிசல் கட்டைக்கு ஒரு சிவப்பு விளக்கு. ஒரே நாளில் முடித்துவிட்டார். முதல் சுற்றிலேயே ஓடியது, இன்றுவரை ஓடுகிறது. என் பங்குக்கு ஒன்பது நாள் ஆயிற்று.

ஒன்பது நாளும் டிரைவரோடு மல்லுக்கட்டுதான். (பஸ் டிரைவரை வைத்து ஒரு நகைச்சுவை உங்களுக்கு இப்போது தோன்றியிருக்கும். எங்கள் வீட்டில் ஆளுக்கொரு முறை சொல்லிவிட்டார்கள். நீங்கள் மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்.) பெட்டிக்குள் ஒரு கார்டைச் செருகினால் மட்டும் அது வேலை செய்துவிடாது. அந்தக் கார்டிடம் எப்படி வேலை வாங்குவது என்று தெரிந்த ஒரு சின்ன மென்பொருள் இயங்குதளத்துக்குள் இருக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் டிரைவர். என் ஃபேன் கார்டுக்கு இரண்டு டிரைவர்கள் வாய்த்திருந்தன. ஒன்று இயங்குதளத்தோடு கூடவே வருவது. திரையில் படம் காட்டும். அதற்கு மேல் ஒரு துரும்பையும் நகர்த்தாது. மற்றது கார்டு செய்த கம்பெனி தருவது. கணக்குப் போட வைக்க அதற்குத்தான் தெரியும். நியாயமாகப் பார்த்தால் வேலை தெரிந்ததுதான் வர வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும், திட்டக்குடி பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிறவர் மாதிரி, வேலை தெரியாதது முதலில் வந்து கார்டைப் பிடித்துக்கொண்டது. வேலை தெரிந்தது வெளியே நின்றது.

முதலில் வந்து உட்கார்ந்ததை எழுப்பிவிட்டால் திரையே கருப்பாகிவிடும். எழுப்பாமல் விட்டால் கணக்கு நடக்காது. இணையத்தில் கேட்டேன். முன்பின் தெரியாத பத்துப் பேர் பதினொரு வழி சொன்னார்கள். எல்லாவற்றையும் செய்தேன், சிலவற்றை ஒரே நேரத்தில் செய்தேன். ஸ்டெல்லா அண்ணி டீ கொண்டுவரும்போதெல்லாம் எட்டிப் பார்த்து, "இன்னும் கருப்பாத்தான் இருக்குதா?" என்று கேட்பாள். நான் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரை மேசையில் சத்தமாக வைப்பேன். அவளுக்கு அதுவே பதில்.

ஒன்பதாம் நாள் ஒரு வழி பிடிபட்டது. பெட்டிக்குள் ஒவ்வொரு துளைக்கும் ஒரு எண் உண்டு. "இந்த எண்ணுள்ள துளையில் இருப்பதற்கு இந்த டிரைவர்தான், வேறு யாரும் கிட்டே வரக்கூடாது" என்று ஒரு கோப்பில் எழுதி வைத்துவிடலாம். கீழ்த் துளையின் எண்ணை எழுதி, கம்பெனி டிரைவரின் பெயரை எழுதினேன். கார்டு எழுந்து வேலை செய்தது. இந்த வழியைச் சொன்ன புண்ணியவான் அடியில் ஒரு குறிப்பும் எழுதியிருந்தார்: யாராவது கார்டை வேறு துளைக்கு மாற்றினால் எல்லாம் குழம்பிவிடும், அதனால் துளையின் எண்ணுக்குப் பதிலாகக் கார்டின் சொந்த அடையாள எண்ணை வைத்து எழுதுவது நல்லது. அதற்கு இன்னும் மூன்று வரி எழுத வேண்டும். கார்டு என்ன ஆடா மாடா, எழுந்து வேறு இடத்துக்குப் போக என்று நினைத்துவிட்டுக் கம்ப்யூட்டரை மூடினேன்.

அது வெள்ளிக்கிழமை. அண்ணி தானே பொறுக்கி வைத்திருந்த விரிசல் கட்டைகளை நல்ல கட்டைகளோடு கலந்து பெல்ட்டில் போட்டாள். ஒன்று விடாமல் சிவப்பு. பொறுக்கும் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். வெளியே போன அண்ணன் இரண்டு பொட்டலம் பக்கோடாவோடு திரும்பி வந்தான். அண்ணன் பக்கோடா வாங்கினால் பெரிய விஷயம். பதினான்கு பேரும் சாப்பிட்டோம். கை துடைத்துவிட்டு நான் ஒரு சின்னச் சொற்பொழிவு ஆற்றினேன். வருங்காலத் தொழிற்சாலை என்ற சொல் அதில் நான்கு முறை வந்தது.

எல்லோரும் கலைந்த பிறகு கலியமூர்த்தி மேஸ்திரி மட்டும் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். ஐம்பத்தைந்து வயது, சட்டைப் பையில் எப்போதும் டெஸ்டர், அதிகம் பேசமாட்டார்.

"இத எப்புடிப் பாப்பா பாத்துக்கணும்?"

"இதுவும் உங்க மத்த மெஷினு மாதிரிதான் மேஸ்திரி. அதுங்கள எப்படிப் பாத்துக்கிறீங்களோ அப்படியே பாத்துக்குங்க" என்றேன், தாராள மனதோடு.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் யூனிட் பக்கம் போகவில்லை. வேலைதான் முடிந்துவிட்டதே. திட்டக்குடியில் கல்லூரித் தோழி வீட்டு விசேஷத்துக்குப் போய், சாப்பாட்டுப் பந்தியில் எனக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தவர்களுக்கு டிரைவரைப் பற்றி விளக்கினேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கோயம்புத்தூர் கம்பெனியின் ஆள் வந்தார். சிவசாமி என்று பெயர். மெலிந்த உடம்பு, மெல்லிய குரல், எல்லாவற்றுக்கும் தலையாட்டும் மரியாதை. இந்த மாதிரி ஆட்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பெல்ட்டை ஓட விட்டோம். முதல் கட்டை, பச்சை. இரண்டாவது, பச்சை. இருபது கட்டை வரிசையாகப் பச்சை. நான் பக்கத்தில் நின்று, "ஒரு கட்டைக்கு அரை விநாடிதான் சார். மனுசங்க கண்ணு அசந்துபோகும். இது அசராது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சிவசாமி சார் தலையாட்டினார். பிறகு தன் பையிலிருந்து ஒரு கட்டையை எடுத்தார். அவர்கள் திருப்பி அனுப்பிய லோடில் ஒன்று. குறுக்கே ஒரு விரிசல். கண்ணாடி போடாதவருக்கே தெரியும். பெல்ட்டில் வைத்தார்.

பச்சை.

"திருப்பி வெச்சுப் பாக்கலாமுங்களா?" என்று கேட்டுவிட்டு, திருப்பி வைத்தார். பச்சை. ஓரத்தில் இருந்த கழிவுக் கூடையில் கையை விட்டு, பாதியாக உடைந்த கட்டை ஒன்றை எடுத்து வைத்தார். பச்சை. என்னைப் பார்த்தார். நான் விளக்கைப் பார்த்தேன். அவர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மடித்து, பெல்ட்டில் வைத்தார். அது ஆடி அசைந்து கேமராவுக்குக் கீழே போயிற்று. பச்சை. அண்ணி நீட்டிய டீ கிளாஸை, டீயோடு வைத்தார். பச்சை. கடைசியாக ஒன்றுமே வைக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வெறும் பெல்ட் ஓடியது. விளக்கு விட்டு விட்டுப் பச்சையாக எரிந்துகொண்டே இருந்தது.

"ஒண்ணுமே இல்லாததுக்கும் பச்சைதானுங்களா மேடம்?"

"அது வந்து சார், இன்னும் சூடாகல" என்றேன்.

பின்னால் பொறுக்கும் பெண்களில் ஒருத்தி இன்னொருத்தியிடம், "சூளதான சூடாவணும், கம்பூட்டருமா சூடாவணும்?" என்று கேட்டது எல்லோர் காதிலும் விழுந்தது. அண்ணி சட்டென்று முன்னால் வந்து, "வாங்க சார், அதுக்குள்ள சூளையப் பாத்துட்டு வந்துரலாம்" என்று அவரை அழைத்துக்கொண்டு போனாள். எனக்கு அரை மணி நேரம் கிடைத்தது.

ஏன் எல்லாம் பச்சை என்பது எனக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது. என் நிரல் படத்தைப் பார்த்து விரிசல்களை எண்ணும். எண்ணிக்கை பூஜ்யம் என்றால் பச்சை. படமே வரவில்லை என்றாலும் எண்ணிக்கை பூஜ்யம்தான். ஆகவே பச்சை. மற்றவர்கள் எழுதியதில் இந்த மாதிரித் தப்பைக் கண்டுபிடிப்பதற்காகவே ஏழு வருடம் சம்பளம் வாங்கியவள் எழுதிய நிரல் இது.

ஆனால் ஏன் படம் வரவில்லை? கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். பெட்டியை அணைத்துப் போட்டேன். மறுபடியும் அணைத்துப் போட்டேன். விருத்தாசலத்து மின்சாரத்தைத் திட்டினேன், மண்ணைத் திட்டினேன், இயங்குதளத்தை எழுதியவர்களை அவர்கள் வம்சத்தோடு திட்டினேன், ரபீக் பாயின் கார்டைப் போலி என்றேன். அண்ணன் கதவோரம் நின்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

கலியமூர்த்தி மேஸ்திரி பக்கத்தில் வந்தார். "பாப்பா, ஒரு விசயம்."

"இருங்க மேஸ்திரி."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். "பாப்பா, அந்தப் பொட்டிக்குள்ள..."

"மேஸ்திரி, இது உங்க சப்ஜெக்ட் இல்ல. தயவு செஞ்சி கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

அவர் தள்ளி நின்றார். நான் இன்னும் நான்கு முறை அணைத்துப் போட்டேன். ஏழாவது முறை வேறு ஒன்றும் தோன்றாமல், எந்தத் துளையில் என்ன இருக்கிறது என்று பட்டியல் கேட்டேன். மேல் துளையின் எண்ணுக்கு நேரே ஃபேன் கார்டு. கீழ்த் துளையின் எண்ணுக்கு நேரே கேமரா கார்டு. நான் செருகியதற்குத் தலைகீழ். கீழ்த் துளையில் எது இருந்தாலும் அதற்குக் கம்பெனி டிரைவர்தான் என்று நான் எழுதி வைத்திருந்தேன் அல்லவா, அதன்படி அந்த டிரைவர் கேமரா கார்டிடம் போய் நின்றிருக்கிறது. இதன் மொழி அதற்குத் தெரியாது, அதன் மொழி இதற்குத் தெரியாது. கேமரா கண்ணை மூடிக்கொண்டது. மேலே போன ஃபேன் கார்டைக் கேட்பார் இல்லை. பழைய துண்டுக்காரர் வந்து பிடித்துக்கொண்டார்.

"யாரு இதத் தொட்டது?" என்று கத்தினேன்.

"நாந்தான் பாப்பா" என்றார் கலியமூர்த்தி மேஸ்திரி. குரலில் பயமும் இல்லை, வருத்தமும் இல்லை. "சனிக்கெழம காத்தடிச்சேன்."

செராமிக் பேட்டையில் வளர்ந்தவளுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. சனிக்கிழமை மத்தியானம் வேலை நின்றதும் கம்ப்ரஸர் குழாயை எடுத்துக்கொண்டு, மூடி உள்ள எல்லாவற்றையும் திறந்து, கழற்றக்கூடிய எல்லாவற்றையும் கழற்றி, காற்றடித்து மண்ணை விரட்டிவிட்டு மறுபடியும் மாட்டுவார்கள். மோட்டார், ஸ்டார்ட்டர், சுவர்க் கடிகாரம், ஒன்றையும் விடமாட்டார்கள். ஒரு வாரம் விட்டால் மண் உள்ளே போய் எல்லாம் எரிந்துவிடும். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த நான்தான், அப்படியே பாத்துக்குங்க என்று வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டுப் போனேன்.

"மூடியத் தொறந்தா உள்ள ஒரே மண்ணு" என்றார். "ரெண்டு கார்டயும் கழட்டித் தொடச்சேன். ஃபேனு இருக்குறது கீழ கெடந்திச்சி. கீழ கெடந்தா மண்ண இழுத்துக்கும் பாப்பா. அதான் அத மேல மாட்டி, மத்தத கீழ மாட்டிட்டேன். நோட்டுல எழுதி வெச்சிருக்கேன் பாரு."

சுவரில், என் தலைக்கு இரண்டடி தள்ளி, ஒரு ஆணியில் மெஷின் நோட்டு தொங்கியது. ஒன்பது நாளும் அதற்கு மேல்தான் என் கைப்பையை மாட்டியிருந்தேன். பையை நகர்த்திப் பார்த்தேன். அச்சு மாதிரி கையெழுத்தில், "கம்ப்யூட்டர்: காற்றடித்தது. ஃபேன் கார்டு கீழிருந்து மேல் துளைக்கு மாற்றப்பட்டது" என்று இருந்தது. பக்கத்தில் அண்ணனின் கையெழுத்து.

"இதத்தான் ரெண்டு தரம் சொல்ல வந்தேன்" என்றார். "பழயபடி மாத்தி மாட்டிரட்டுமா? ரெண்டு ஸ்குரூதான்."

இந்த இடத்தில் நான் "சரி" என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. இரண்டு ஸ்குரூ, இரண்டு நிமிடம். சிவசாமி சார் திரும்பி வரும்போது சிவப்பு விளக்கு சிவப்பாக எரிந்திருக்கும். ஆனால் ஒரு ஃபிட்டர் ஸ்குரூ டிரைவரால் சரிசெய்வதற்கா நான் சென்னையிலிருந்து ரயிலேறி வந்தேன்?

"வேணாம் மேஸ்திரி. இத சாஃப்ட்வேர்லதான் சரிபண்ணணும்."

கோப்பைத் திறந்தேன். கேமரா கார்டை விடுவித்தேன். கம்பெனி டிரைவருக்கு நேரே மேல் துளையின் எண்ணை அடித்தேன். அவசரத்தில் ஒரு இலக்கம் மாறிவிட்டது. மாறிய எண் யாருடையது என்றால், கீபோர்டும் மவுஸும் செருகியிருக்கும் பகுதியுடையது. பெட்டியை அணைத்துப் போட்டேன். திரை அழகாக வந்தது. கீபோர்டைத் தட்டினேன். அசைவில்லை. மவுஸை நகர்த்தினேன். அம்பு இருந்த இடத்திலேயே நின்றது. தப்பான இலக்கத்தைத் திருத்தக் கீபோர்டு வேண்டும். கீபோர்டு வேலை செய்ய அந்த இலக்கத்தைத் திருத்த வேண்டும். சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றேன். (இதற்கும் ஒரு வழி உண்டு. மறுநாள் பொறுமையாகப் படித்தபோது தெரிந்தது. பொறுமை இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டோம்.)

"இப்ப மாத்தி மாட்டட்டுமா?" என்று கேட்டார் மேஸ்திரி.

"இப்ப மாத்துனாலும் ஒண்ணும் ஆகாது" என்றேன். அவர் பாவம் பார்த்து, கீபோர்டைப் பிடுங்கி, ஒரு முறை காற்றடித்து, மறுபடியும் செருகிக் கொடுத்தார்.

அப்போதுதான் சிவசாமி சார் அண்ணியோடு உள்ளே வந்தார். அசையாத திரையைப் பார்த்தார். கவிழ்த்து வைத்திருந்த மவுஸைப் பார்த்தார்.

"என்னாச்சுங்க?"

என்னுடைய கை உயர்ந்தது. இதை மறைக்காமல் எழுதிவிட வேண்டும். என் ஆள்காட்டி விரல் உயர்ந்தது, அது கலியமூர்த்தி மேஸ்திரியின் பக்கம் போய்க்கொண்டிருந்தது. "இவர்தான் சார்" என்ற இரண்டு சொல்லும் தொண்டை வரைக்கும் வந்துவிட்டன.

"நாந்தான் சார்" என்றான் அண்ணன்.

கதவோரத்திலிருந்து இரண்டே எட்டில் முன்னால் வந்துவிட்டான். "மெஷினு நல்ல மெஷினுதான் சார். எந் தங்கச்சி சரியாத்தான் செஞ்சி குடுத்துச்சி. வெள்ளிக்கெழம பாத்தோம், ஒண்ணு வுடாம புடிச்சிச்சி. நாந்தான் தெரியாத்தனமா உள்ள கைய வெச்சிட்டேன்." பேசிக்கொண்டே மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்து, நோட்டு தொங்கிய ஆணியை முதுகால் மறைத்துக்கொண்டான்.

போனில் ஒரு படம் அனுப்ப வேண்டுமானால் அண்ணியைக் கூப்பிடுகிறவன் அவன்.

என் விரல் பாதி வழியில் நின்றது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் காதோர முடியை ஒதுக்கிக்கொண்டேன். அந்த அறையில் எட்டுப் பேருக்கு உண்மை தெரியும். மேஸ்திரி தரையைப் பார்த்தார். அண்ணி என்னைப் பார்த்தாள். இல்லை சார், நான்தான் செய்தேன், இரண்டு ஸ்குரூவில் முடிய வேண்டியதைக் கெடுத்தது நான்தான் என்று சொல்ல எனக்கு முழுதாக ஒரு நிமிடம் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

சிவசாமி சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நா போற எடத்துலயெல்லாம் கரண்டு சரியில்ல, வேலையாளு சரியில்லன்னுதானுங்க சொல்லுவாங்க. மொதலாளியே நாந்தான்னு சொல்லி இப்பத்தானுங்க கேக்கறேன்" என்றார். பிறகு அண்ணனை உட்கார வைத்துப் பேசினார். மூன்று மாதத்துக்கு ஒவ்வொரு கட்டையையும் அண்ணியின் ஆட்கள் கையால் பார்த்து அனுப்புவது. அதற்குள் மெஷினைச் சரிசெய்து மறுபடியும் காட்டுவது. இதற்குச் சம்மதம் என்றால் ஆர்டர் உண்டு. அண்ணன் சரிங்க சார் என்றான். கிளம்பும்போது அவர் என் பக்கம் கைகாட்டி, "ஒண்ணு மட்டும் சொல்றனுங்க. மேடம் மாதிரி படிச்சவங்க செஞ்ச வேலையில நீங்க கைய வெக்காதீங்க" என்றார்.

அதற்கும் அண்ணன், "சரிங்க சார்."

அவர் கார் கிளம்பியதும் அண்ணன் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். "சாப்புட்டியா?" என்று கேட்டுவிட்டுச் சூளைப் பக்கம் போய்விட்டான். நான் அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். டிரைவர் மேல் உள்ள ஆத்திரத்தில் அழுவதாகத்தான் அண்ணியிடம் சொன்னேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

சாயங்காலம் அண்ணனிடம் போய், "அவருக்கு நான் உண்மைய எழுதிப் போட்டுடறேண்ணா" என்றேன்.

"வேணாம் பாப்பா. இப்பப் போயி சொன்னா நான் பொய் சொன்னேன்னு ஆயிடும். அந்த மனுசன் அதுக்குத்தான் ஆர்டரே குடுத்துட்டுப் போறாரு."

மறுநாள் அந்த மூன்று வரியை எழுதினேன். இப்போது எந்தத் துளையில் மாட்டினாலும் கார்டின் அடையாளத்தைப் பார்த்துத்தான் டிரைவர் வரும். படம் வராவிட்டால் சிவப்பு. மேஸ்திரியிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்னா பாப்பா" என்றார். மூன்று மாதம் கழித்து சிவசாமி சார் வந்தபோது மெஷின் அவருடைய மூக்குக்கண்ணாடிக்குச் சிவப்பு காட்டியது. இரண்டு சூளையும் எரிகின்றன. ஃபேன் கார்டு மேல் துளையில்தான் இருக்கிறது. அங்கே அது முன்பைவிடக் குறைவாகச் சுடுகிறது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சிவசாமி சார் வருடா வருடம் வருகிறார். வரும்போதெல்லாம் எல்லோர் முன்னாலும் அண்ணனைப் பார்த்து, "கம்ப்யூட்டர்ல கைய வெக்கறதில்லீங்களே?" என்று கேட்கிறார். அண்ணன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "இல்லீங்க சார்" என்கிறான். பொறுக்கும் பெண்கள் கட்டைக் குவியலுக்குள் முகத்தை மறைத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு முறையும் இந்தத் தடவை சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் ஊருக்குப் போகிறேன். போன தடவை அவர் என்னையே நேராகக் கேட்டுவிட்டார்: "மேடம், அண்ணன் ஒண்ணும் பண்றதில்லீங்களே?" வாய் திறந்தது. "நான் பாத்துக்கறேன் சார்" என்றது.

வீட்டில் அதற்குப் பிறகு எது உடைந்தாலும் யார் உடைத்தாலும் அண்ணன் முந்திக்கொண்டு ஒரே வார்த்தைதான் சொல்கிறான். குக்கர் விசில் தொலைந்தாலும், குழாய் ஒழுகினாலும், பால் பொங்கி வழிந்தாலும் அதேதான். போன கிறிஸ்துமஸுக்குப் போயிருந்தபோது, அண்ணி மூன்று மாதத்துக்குப் போட்டு வைத்திருந்த எலுமிச்சை ஊறுகாய் ஜாடியை அலமாரியிலிருந்து எடுக்கப்போய்க் கைநழுவ விட்டுவிட்டேன். வீடே அதிர்ந்தது. இந்த முறையாவது நாமே சொல்லிவிடுவோம் என்று மூச்சை இழுத்தேன். அதற்குள் முன்கூடத்திலிருந்து, உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமலே, "நாந்தான்" என்று குரல் வந்தது. அண்ணியும் வந்திருந்த விருந்தாளிகளும் சிரித்து ஓய நேரமாயிற்று. எண்ணெயையும் ஜாடிச் சில்லுகளையும் வழித்து எடுக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. ஒருவரும் உதவிக்கு வரவில்லை.